தாளத்தின் பட்டா யார் பெயரில்?

1988இல் நியூயார்க்கின் ஹிப் ஹாப் குழு பப்ளிக் எனிமி, பழைய ரெக்கார்டுகளின் துண்டுகளை அடுக்கி இரைச்சலையே அரசியல் இசையாக்கியது. 1991இல் வேறொரு ராப் பாடகரின் வழக்கில், அனுமதியின்றி சாம்பிள் எடுப்பது திருட்டு என்றது நீதிமன்றம். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் பணம். அந்த ஒலி கட்டுப்படியாகாமல் போனது.

அசல் கலைஞருக்குப் பணம் போவது நியாயம்தானே? போனதா? இவர்களின் 'ஃபைட் தி பவர்' பாடலில் ஒலிக்கும் டிரம்ஸ், ஜேம்ஸ் பிரவுன் குழுவில் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசித்தது. ராப் உலகம் மிக அதிகமாக எடுத்தாண்ட தாளங்களில் ஒன்று. ஆனால் பதிப்புரிமையில் அவர் பெயர் இல்லை. ராயல்டியில் சட்டப்படி பங்கும் இல்லை.

உழுதவருக்கு நிலமில்லை என்பதை அறிந்த நமக்கு இது புதிதா? திருட்டு என்று யாராவது சொன்னால், முதலில் பட்டாவைக் காட்டச் சொல்வோம்.