குதிரையைப் பலி கொடுத்தா தப்பா?



ஞாயிறு பூஜை முடிஞ்சு, நம்ம தோட்டத்துக் கோயில் மண்டபத்துல பசங்க செஸ் ஆடுறாங்க. ஒருத்தன் குதிரையைப் பலி கொடுத்தா உடனே திட்டுறோம்.

1960-ல் மாஸ்கோவில், உலகப் பட்டத்துக்கான 6-வது ஆட்டத்தில் மிகைல் தாலும் போட்வின்னிக்கிடம் இப்படித்தான் குதிரையைக் கொடுத்தார். அதற்கு நல்ல பதில் இருந்ததைப் பிறகு ஆராய்ந்து காட்டினார்கள். ஆனால் கடிகாரம் ஓடும்போது உலகச் சாம்பியனுக்கே அது தென்படவில்லை. தால் ஜெயித்தார். நம்ம மண்டபத்துல எதிரே உட்கார்ற பையனுக்கு மட்டும் தெரிஞ்சிடுமா?

அதுக்காக, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கச் சொல்லல. எதிரி ராஜாவுக்குப் பாதுகாப்பு இல்லாம, நம்ம காய்ங்க பக்கத்துல நின்னா கொடுக்கலாம். ஆட்டம் முடிஞ்சதும், “அடுத்து என்ன நினைச்சே?”ன்னு கேட்போம். ரெண்டு நகர்வு சொன்னா, தோத்தாலும் தட்டிக் கொடுப்போம். திட்டினா, அடுத்த வாரம் பிள்ளை மண்டபத்துக்கே வராது.

சிவ சிவ.