19 பேரின் பெயர்கள்

இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் உருவானது. நான்கு வாபிட்டி விமானங்கள், 6 இந்திய அதிகாரிகள், 19 ஹவாய் சிப்பாய்கள். படையின் தோற்றத்தைச் சொல்லும் கட்டுரைகளில் இந்தக் கணக்கு தவறாமல் வரும். அறுவரின் பெயர்களும் எளிதில் கிடைக்கும். அவர்களுள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி 1954-இல் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். 19 பேரோ பெரும்பாலும் 19 என்ற எண்ணாகவே நின்றுவிடுவார்கள். அவர்களுடைய நாள்கள் எப்படிக் கழிந்தன என்பது இன்று ஓரளவேனும் தெரிகிறதென்றால், அதற்குக் காரணம் ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்த ஹர்ஜிந்தர் சிங் ஏர் வைஸ் மார்ஷல் நிலைவரை உயர்ந்து, தம் நினைவுகளை எழுத்தாக விட்டுச் சென்றதுதான். அவர் உயராமலும் எழுதாமலும் போயிருந்தால் அந்தச் சிறு வெளிச்சமும் இருந்திராது.

இக்கேள்வியை எழுப்பப் பெங்களூருவைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. விமானப்படையின் பயிற்சிக் கட்டளைத் தலைமையகம் இங்கே இருக்கிறது. ஜாலஹள்ளியின் பயிற்சி நிலையங்களும் எச்.ஏ.எல். நிறுவனமும் சோதனை விமானிகளின் ஏ.எஸ்.டி.இ. நிறுவனமும் இங்கேயே. பணிக்காலத்தில் இந்த ஊரின் காற்றுக்குப் பழகியவர்கள் பலர் ஓய்வுக்குப் பின் இங்கேயே வீடு கட்டிக் குடியேறினர். எனவே ஸ்குவாட்ரன் சந்திப்புகளுக்கு இங்கே குறைவில்லை. ஒரு மாலை, ஒரு விருந்து, மறைந்தவர்களுக்காக ஒரு நிமிட மௌனம், பழைய ஒளிப்படங்கள், யார் யாரைக் கேலி செய்தார்கள் என்பது பற்றிய தீராத கதைகள். இவற்றில் பிழை ஏதுமில்லை. முதுமையில் தோழமை ஒரு மருந்து; அதை எள்ளுபவர் எள்ளட்டும். ஆனால் இத்தகைய மாலைகள் பலவற்றில் கூடுவோர் யார், வராதவர் யார் என்று பார்த்தால், ‘ஸ்குவாட்ரன்’ என்ற சொல் எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரியும். விமானிகள் வருகிறார்கள். அந்த விமானங்களைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தவர்கள் அதே ஊரின் இன்னொரு மூலையில், பெரும்பாலும் அழைப்பே இல்லாமல், முதுமை அடைகிறார்கள்.

இதற்கு மரபு என்று பெயர் சொல்லப்படுகிறது. அதிகாரிகளின் மெஸ் வேறு, ஏர்மேன்களின் மெஸ் வேறு. பணியில் இருந்த வேறுபாடு ஓய்விலும் தொடர்வது இயல்புதானே என்கிறார்கள். பணியில் அந்த வேறுபாட்டுக்கு ஒரு பயன் இருந்தது. கட்டளையிடுபவரும் கீழ்ப்படிபவரும் மறுநாள் காலை மீண்டும் களத்தில் நிற்க வேண்டியிருந்தது. எழுபத்தைந்து வயதில் எவரும் எவருக்கும் கட்டளையிடப் போவதில்லை. காரணம் போன பின்னும் பழக்கம் மட்டும் நிற்குமானால் அதை மரபென்று சொல்ல இயலாது. சோம்பல் என்பதே பொருந்தும்.

சோம்பலின் விலை என்ன என்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா 1965 செப்டம்பர் 7 அன்று முதலாம் ஸ்குவாட்ரனின் மிஸ்டேர் விமானங்களோடு சர்கோதா தாக்குதலுக்குச் சென்றார். அவர் மாற்று விமானியாகவே குறிக்கப்பட்டிருந்தார். ஒரு விமானம் விலகியதால் அணியில் சேர்ந்துகொண்டார். திரும்பி வரவில்லை. காணாமற்போனவர் என்றும் பின்னர் இறந்ததாகக் கருதப்படுபவர் என்றும் கோப்பில் எழுதப்பட்டது. அவ்வளவில் முடிந்திருக்க வேண்டிய கதை அது. ஆனால் பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு ஜான் ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதி 1979-இல் வெளிவந்த நூல், அன்று ஒரு மிஸ்டேர் தன்னைவிட மிக விரைவான ஸ்டார்ஃபைட்டர் விமானத்தோடு மோதி அதை வீழ்த்தியதைப் பதிவு செய்தது. வீழ்த்தப்பட்ட விமானி அம்ஜத் ஹுசைன் உயிர்தப்பியிருந்தார். அந்த மிஸ்டேர் யாருடையது என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை ஏற்றிருந்த ஓ.பி. தனேஜா அதை மறக்கவில்லை. அது தேவய்யாவாகவே இருக்க முடியும் என்று அதிகாரபூர்வமாக ஏற்கப்பட அவர் தொடர்ந்து முயன்றார். 1988-இல், நிகழ்வுக்கு 23 ஆண்டுகள் கழித்து, தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவருடைய மனைவி அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்த நிகழ்வைத் தோழமையின் வெற்றிக்கதையாகச் சொல்வது வழக்கம். வெற்றிதான். ஆயினும் அதன் கசப்பான பாதியையும் சொல்ல வேண்டும். முதற்சான்று எதிரியின் தரப்பிலிருந்து வந்தது. அந்த நூல் வராதிருந்தால், ஸ்டார்ஃபைட்டரின் விமானி உயிர்பிழைக்காதிருந்தால், தனேஜாவின் பற்றுறுதி எதைப் பற்றிக்கொண்டு நின்றிருக்கும்? 2025 சனவரியில் ‘ஸ்கை ஃபோர்ஸ்’ என்ற இந்தித் திரைப்படம் இதே நிகழ்வை எடுத்தாண்டது. அதில் தேவய்யா வேறொரு பெயருடைய பாத்திரமானார். திரைப்படம் தன் தொழிலைச் செய்கிறது. படை தன் நினைவைத் தானே எழுதி வைக்காதவிடத்து அதை எதிரியும் திரைக்கதையாசிரியரும் எழுதுவார்கள், எழுதியும் விட்டார்கள்.

இனி, அதிகாரியான தேவய்யாவுக்கே 23 ஆண்டுகள் ஆயின என்றால், அவருடைய மிஸ்டேரை அன்று விடியலுக்கு முன் ஆயத்தம் செய்தவர்களின் நிலை என்ன? படைவிமானம் ஒவ்வொன்றுக்கும் படிவம் 700 என்றொரு ஏடு உண்டு. பறப்புக்கு முன் உடற்பகுதி, எஞ்சின், மின்னமைப்பு, கருவிகள், ரேடியோ, ஆயுதம் என ஒவ்வொரு துறையின் ஏர்மேனும் தன் பகுதியைச் சோதித்து அதில் கையெழுத்திடுவார். எல்லாக் கையெழுத்துகளுக்கும் பிறகு, கடைசியாக, விமானி கையெழுத்திட்டு விமானத்தை ஏற்றுக்கொள்வார். ஓர் இறுகாத இணைப்பு, விட்டுப்போன ஒரு பாதுகாப்புக் கம்பி போதும், அந்தக் கடைசிக் கையெழுத்து இறப்புச் சான்றாகிவிடும். தன் உயிரை அறிமுகம்கூட முழுமையாக இல்லாத ஐந்தாறு பேரின் சொல்லை நம்பி ஒருவர் ஒப்படைப்பதும், அதை அவர்கள் காப்பதும்தான் ஸ்குவாட்ரனின் தோழமை. மதுக்கோப்பை உயர்த்துவது அதன் பின்குறிப்பு. ஆனால் ஸ்குவாட்ரன் வரலாறுகளைப் புரட்டினால் விமானத்தின் வால் எண் இருக்கும், விமானியின் பெயர் இருக்கும், பறந்த நிமிடங்கள் இருக்கும். 700-இல் கையெழுத்திட்டவர் பெயர் அரிதிலும் அரிது.

இந்த நிலத்துக்கு இது பழக்கமான வழியுமன்று. பெங்களூரு என்ற பெயர் இடம்பெறும் மிகப் பழைய பொறிப்பு, நகரின் தெற்கே பேகூர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த ஒரு வீரக்கல்லில் இருக்கிறது. ஊர் பிறந்த கதையை அந்தக் கல் பேசவில்லை. பெங்களூருப் போரில் மாண்டதைப் பேசுகிறது. நாகத்தரன் என்ற தலைவனின் மனையைச் சார்ந்தவனைப் பெயர் சொல்லி நிறுத்துகிறது. இந்நகரம் எழுத்தில் முதன்முதலாகத் தோன்றுவதே ஒரு தோழனின் சாவுக்குறிப்பில்தான் என்பதைத் தகவல்தொழில்நுட்பத் தலைநகரம் என்று மார்தட்டுவோர் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நிலத்தில் தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி தொடங்கி வாழ்த்து ஈறாகத் துறை வகுத்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் அது கள்வர் இருவரைக் கடித்ததையும் எழுதி வைத்திருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன் ஒரு நாய்க்குக் கிடைத்த இடம், இருபதாம் நூற்றாண்டில் எஞ்சின் பொருத்திய சார்ஜண்டுக்குக் கிடைக்கவில்லை.

பெயரை விடுவது சிறிய செயல் அன்று. முதல் உலகப்போரில் இறந்தவர்களை நினைவுகூர்வதில் நிகழ்ந்த பாகுபாட்டைப் பற்றிக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டதையும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது முற்றிலுமோ நினைவுகூரப்படாததையும் ஒப்புக்கொண்டது. அவர்களுள் மிகுதியானோர் ஆப்பிரிக்கர், ஆசியர், மத்தியக் கிழக்கினர். ஒரு நூற்றாண்டு கழித்து மன்னிப்புக் கேட்கலாம். தொலைந்த பெயரை எந்த மன்னிப்பும் மீட்டுத் தராது. தில்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடம் இந்த விஷயத்தில் நேர்மையானது. அங்கே 25,942 பெயர்கள் ஒரே வகைக் கருங்கல்லில் வெட்டப்பட்டன. ஆனால் அது போரில் இறந்தவர்களுக்கானது. உயிரோடு திரும்பி, கிரீஸ் படிந்த கைகளைக் கழுவிக்கொண்டு வீடு சென்றவர்களுக்குக் கல் கிடையாது. அவர்களுக்கு இருக்கக்கூடிய ஒரே இடம் ஸ்குவாட்ரனின் நினைவுதான்.

அந்த நினைவு எந்த மொழியில் இருக்கிறது என்பதை இதுவரை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஸ்குவாட்ரன் வரலாறுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைக்கு ஒரே வடிவம். இந்தியின் ‘ஹம்’ என்பதும் அப்படியே. “அன்று தாக்கினோம்” என்று அந்த மொழிகளில் எழுதும்போது அந்தப் பன்மைக்குள் யார் யார் அடங்குவர் என்பதைச் சொல்லத் தேவையில்லாமல் போகிறது. தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் அவ்வாறு தப்பிக்க இயலாது. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. தாம்பரத்திலோ ஜாலஹள்ளியிலோ பயின்ற ஒரு தமிழ் ஏர்மேன் தம் முன்னாள் அதிகாரியைப் பற்றிப் பேசும்போது எந்த இடத்தில் ‘நாங்கள்’ என்கிறார், எந்த நொடியில் அது ‘நாம்’ ஆகிறது என்பதை ஒலிப்பதிவில் கேட்டாலே ஒரு ஸ்குவாட்ரனின் உள்வரைபடம் கிடைத்துவிடும். அவரையே ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் இடமாற்ற ஆணைபோல ஒரு பட்டியல் வரும்: இந்த ஆண்டு, இந்த நிலையம், இந்தப் பதவி. தாய்மொழியில்தான் பனியில் கை மரத்துப்போன இரவும், டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற சக ஏர்மேனின் பெயரும் வெளிவரும்.

தோழமை தானாக நீடிக்கும் என்று நம்பியிருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விமானம் ஓய்வுபெற்று ஸ்குவாட்ரன் கலைக்கப்படும்போது அதன் எண் மட்டும் பாதுகாக்கப்படுகிறது. படையின் வழக்கில் அதை ‘நம்பர் பிளேட்’ செய்வது என்பார்கள். பின்னொருநாள் வேறு விமானங்கள், வேறு மனிதர்களோடு அதே எண் உயிர்பெறும். 45-ஆம் ஸ்குவாட்ரன் 1965 செப்டம்பர் 1 அன்று சம்ப் களத்தில் நான்கு வேம்பயர் விமானங்களை இழந்த பிரிவு. 2016 சூலை 1 அன்று அதே எண் பெங்களூருவில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் எழுந்து, இரண்டாண்டில் சூலூருக்குச் சென்றது. எண்ணும் சின்னமும் கைமாறின. சம்ப் களத்தன்று அந்த வேம்பயர்களுக்குக் குண்டேற்றியவர்களின் நினைவு எந்தக் கோப்பு வழியாகக் கைமாறியது? 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானம் 62 ஆண்டுப் பணிக்குப் பின் விடைபெற்றபோது, அந்த விமானத்தை மட்டுமே அறிந்த ஒரு தலைமுறைத் தொழில்நுட்பர்களின் அறிவும் அதனோடு ஓய்வுபெற்றது. விழாவின் கேமராக்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

இரகசியம் காக்க வேண்டாமா என்ற தடை எழுப்பப்படும். பாதுகாப்பு அமைச்சகமே 2021-இல் போர்ப் பதிவேடுகளைப் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்தும் கொள்கையை அறிவித்துவிட்டது. 1965-இல் ஒரு வேம்பயரின் சக்கரத்தைக் கழற்றியவர் யார் என்பதில் இன்று என்ன இரகசியம் மிஞ்சியிருக்கிறது? பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து வரும் தடை வேறு: படைவீரர் நினைவைத் தொட்டாலே போரைப் போற்றுவதாகும் என்று மூக்கைச் சுளிப்போர் உண்டு. ஆலைத் தொழிலாளியின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய மாநாடு கூட்டுபவர்கள், ஹேங்கரில் முப்பதாண்டு உழைத்தவரைத் தொழிலாளியாகவே எண்ண மறுப்பது விந்தை. சீருடை அணிந்த உடலும் உழைத்த உடல்தான்.

காலம் குறைவு. 1965-இல் இருபது வயதில் இருந்தவர் எண்பதை எட்டிவிட்டார். 1971-இன் இருபது வயதுக்காரருக்கு எழுபத்தைந்து அளவில் ஆகிறது. எச்.ஏ.எல். விமான நிலையத்தை ஒட்டி ஓடும் சுரஞ்சன் தாஸ் சாலையில் நாள்தோறும் நெரிசலில் நிற்போருள் எத்தனை பேருக்கு, 1961-இல் மாருத் விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டு, 1970 சனவரியில் இதே நகரில் மாருத் விபத்திலேயே இறந்த சோதனை விமானி அவர் என்பது தெரியும்? பலகை இருந்தும் மறதி இவ்வளவு விரைவானது என்றால், பலகையே இல்லாதவர்களின் கதி சொல்லாமலே விளங்கும்.

அடுத்த சந்திப்புக்கு நினைவுமண்டபமோ நிதியோ வேண்டியதில்லை. பழைய ஸ்குவாட்ரன் ஒளிப்படங்கள் பலவற்றில் அதிகாரிகள் முன்வரிசையில் நாற்காலிகளில் அமர்ந்திருப்பார்கள்; படத்தின் கீழே அவர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். பின்னால் மூன்று நான்கு வரிசைகளில், விமானத்தின் இறக்கைவரை நிற்பவர்களுக்குப் பெயர் இராது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பின்வரிசையில் நின்றவர்களில் இந்த ஊரில் உயிரோடிருக்கும் ஒருவரைத் தேடி அழைத்துவந்து, முன்வரிசை நாற்காலி ஒன்றில் அமர்த்தி, அவருக்கு வரும் மொழியில் கேட்க வேண்டும்: இடமிருந்து வலமாக இவர்கள் யார் யார்? ஒருவர் பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும்.