ஆண்டுக்கு விலையா, வண்டிக்கு விலையா?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த களுதாவளையிலும் அதன் அயலூர்களிலும் இன்று சிறு கார்கள் பெருகிவிட்டன. மணற்பூமியில் வெற்றிலைக்கொடியும் மிளகாய்க் கன்றும் வளர்த்துப் பொருளீட்டிய தோட்டக்காரரும், மாதச் சம்பளத்தை எண்ணி வாழும் ஆசிரியரும், வீட்டுக்கு அடுத்தபடியாகத் தம் வாழ்நாளில் வாங்கும் பெரும்பொருள் காரேயாகும். அதனை வாங்கும் முறையைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகின்றேன்.

விற்பவர் முதலிற் சொல்வது வண்டியின் பெயரை. அடுத்துச் சொல்வது ஆண்டை. "பதினேழு, பதிவு பதினெட்டு" என்பார். அந்த அளவிலே விலை எழுந்து நின்றுவிடுகின்றது. பதினேழுக்கும் பதினெட்டுக்குமிடையில் அவ்வண்டியில் மாறியது யாது என வினவுவோர் அரியர். ஆண்டு ஒன்று ஏறினால் விலை இலட்சக்கணக்கில் ஏறவேண்டும் என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. பஞ்சாங்கத்தைக் கொண்டு காரை அளக்கும் இவ்வழக்கம் நன்றன்று என்பதே என் கருத்து.

ஒரு தலைமுறைக்கு முந்திய நம்மவர் நன்கறிந்த மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டு இலண்டனில் அறிமுகமான அவ்வண்டி, ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் தன் உருவத்தைப் பெரிதும் மாற்றாமலே வந்துகொண்டிருந்தது. ஆயினும் உள்ளே மாற்றங்கள் நிகழாமல் இல்லை. தாழ்வாயிருந்த முன்விளக்குகள் மட்காட்டின் மேலேறின. அதற்குக் காரணம் அழகுணர்ச்சியன்று, விளக்கின் உயரம் பற்றிய அமெரிக்கச் சட்டம். 1952இல் மொறிசும் ஒஸ்டினும் ஒரே கம்பனியாக இணைந்தபின், 918 சி.சி. பழைய எஞ்சின் போய் 803 சி.சி. ஒஸ்டின் எஞ்சின் வந்தது. எண் குறைந்தது, வலுவோ குறையவில்லை, சிறிது கூடிற்று. 1954இன் இறுதியில் முன்புறக் கம்பிவலையும் மானிகள் இருக்கும் பலகையும் மாறின. எஞ்சினில் ஒன்றும் மாறவில்லை. அடுத்து 1956இல் வந்ததே மெய்யான மாற்றம். இரண்டாகப் பிளந்திருந்த முன்கண்ணாடி வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று, பின்கண்ணாடி அகன்றது, எஞ்சின் 948 சி.சி. ஆயிற்று. 1955க்கும் 1956க்கும் இடையில் ஓராண்டு. 1957க்கும் 1958க்கும் இடையிலும் ஓராண்டுதான். முன்னதற்குப் பணம் கொடுத்தவன் காட்சியையும் வலுவையும் வாங்கினான். பின்னதற்குக் கொடுத்தவன் பெரும்பாலும் நாட்காட்டியையே வாங்கினான்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் புதிய ஏடு என்பதற்காக ஒன்றை நம்பியவர்களல்லர். பாடபேதம் எங்கே, அது பொருளை மாற்றுகின்றதா, எழுதியவன் கைப்பிழைதானா என்று நோக்கினார்கள். இலக்கிய மாணவருக்கு இப்பயிற்சி உண்டு. கார் வாங்கும் நாளில் மட்டும் அதனை வீட்டில் வைத்துவிட்டுப் போவானேன்?

இனி நம் தெருக்களில் மிகுதியாகக் காணும் சுசுக்கி வகன் ஆருக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு வண்டிக்கும் 2017 பெப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்த வண்டிக்கும் வேறுபாடு மெய்யானது: உடலும் அடித்தளமும் புதியன, எஞ்சினுக்குத் துணைபுரியும் மின்மோட்டாரும் வலுவிற் கூடியது. எனினும் அதைவிடப் பெரிதாகப் பேசப்படும் எரிபொருட் சிக்கனம் எவ்வளவு? ஜப்பானியச் சோதனைக் கணக்கின் உச்ச அளவு முன்னதற்கு லீற்றருக்கு 33.0 கிலோமீற்றர், பின்னதற்கு 33.4. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுபவருக்கு இதனால் மிஞ்சுவது அரை லீற்றரும் இல்லை. நம் வீதிகளில் அச்சோதனை அளவுகள் எட்டப்படுவதில்லை என்பது வேறு கதை. 2017இன் பிற்பகுதி வண்டிக்கும் 2018 வண்டிக்கும் இடையிலோ, சாதாரணக் குடும்பம் உணரத்தக்க வேற்றுமை ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். எஞ்சின் மாறியது 2019 டிசெம்பரில் அறிவித்த வண்டியில். அது இங்கு வந்து பரவுமுன்னரே, 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டது.

தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. அந்த ஐந்தாண்டில் ஆண்டின் மயக்கம் தலைகீழாயிற்று. பழகிய வண்டிகள் வாங்கிய விலையிலும் மேலாக விற்கப்பட்டன. வயது ஏற ஏற விலையும் ஏறிய அவ்விந்தையைக் கண்ட பின்னரும், ஆண்டே பெறுமதியின் அளவுகோல் என்று நம்புவது வியப்பே.

ஆண்டுக்குச் சிறிதும் மதிப்பில்லை என்று நான் வாதிடவில்லை. லீசிங் கொடுப்போர் ஆண்டைப் பார்த்தே தவணையை வகுக்கின்றனர். திரும்ப விற்கும்போதும் அது பேசும். லித்தியம் பற்றறிக்கும் வயது உண்டு. ஆயினும் எங்கள் கரையோரத்தில் உப்புக்காற்று ஆண்டைப் பார்த்து வீசுவதில்லை. கடலோரத்து வளவில் கூரையின்றி நின்ற 2018 வண்டியின் அடித்தட்டில் கறல் பிடித்திருக்கும். மலையகத்தில் கொட்டகைக்குள் நின்ற 2016 வண்டி தூய்மையாக இருக்கும். ஆண்டைப் பதிவுப் புத்தகத்தில் ஒரு கணத்தில் வாசித்துவிடலாம். கறலைக் காண்பதற்கு மண்ணிற் படுத்து வண்டிக்கடியில் நோக்கவேண்டும். அதற்கு நம்மவர் நாணுகின்றனர்.

எல்லாவற்றிலும் வலிய ஒப்பீடு வேறொன்று. மைனரை வகுத்த அலெக் இசிகோனிஸ், முதல் மாதிரி வண்டி மிக ஒடுங்கியதெனக் கண்டு, அதனை நெடுக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகற்றிப் பொருத்துவித்தார். முன்னரே செய்து வைத்த பம்பர்களைக்கூட நடுவில் வெட்டி ஒட்டுப் போட்டார்கள். 57 அங்குல வண்டி 61 ஆயிற்று. ஜப்பானியச் சிறுகார்ச் சட்டம் அனுமதிக்கும் அகலம் 1.48 மீற்றர், அங்குலத்தில் ஏறத்தாழ 58. அச்சட்டப்படி அதில் ஏறத்தக்கவர் நால்வரே. 2016 ஆயினும் 2018 ஆயினும் இவ்வளவு மாறவில்லை. மாமாங்கத் தீர்த்தத்துக்கோ கொக்கட்டிச்சோலைத் தேருக்கோ புறப்படும் களுதாவளைக் குடும்பத்தில் தாய், தந்தை, பிள்ளைகள் இருவர், அம்மம்மா என ஐவர் இருக்கின்றனர். ஓராண்டு புதிய வண்டிக்கென நகையை ஈடுவைத்த பின்னரும், அம்மம்மா பஸ்ஸிலேதான் வரவேண்டியிருக்கிறது.