ரிசல்ட் வர்ற வரைக்கும்

வியாதி ஒரு கஷ்டம். வியாதியா இல்லையான்னு தெரியாம காத்துக் கிடக்கிறது இன்னொரு கஷ்டம். முதலாவதுக்கு மருந்து எழுதித் தர்றாங்க. ரெண்டாவதுக்கு யாரும் எதுவும் எழுதித் தர்றதில்லை.

என் இடது உள்ளங்காலில் மிளகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, கொஞ்ச நாளில் புளியங்கொட்டை அளவு ஆயிடுச்சு. சேத்துல இறங்குற காலில் கறை சகஜம். ஆனா இது தேய்ச்சாலும் போகலை. மீஞ்சூர்ல ரயில் ஏறி சென்னையில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மரத்துப் போக ஊசி போட்டு, துளி சதை எடுத்து, ரெண்டு தையல் போட்டாங்க. "ரிசல்ட் வந்ததும் சொல்றோம்"னு அனுப்பிட்டாங்க. இன்னைக்குப் பதினோராம் நாள்.

நம்மள மாதிரி கறுத்த தோலுக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான். ஆனா மெலனோமான்னு ஒரு வகை நம்மள்ல பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் வருமாம். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில்தான் வந்தது. 1981-ல் இறந்தபோது அவருக்கு வயசு 36. அதனால பார்த்துடுறதுதான் சரி. "கத்தி பட்டா பரவிடும்"னு ஊர்ல சொல்றதுக்கு ஆதாரம் ஒண்ணும் இல்லை.

அந்தத் துளி சதைக்கு ஏன் இத்தனை நாள்? ஃபார்மலின்ல ஊற வச்சு, தண்ணியை வாங்கி, மெழுகுல பதிச்சு, ஏறக்குறைய 4 மைக்ரான் கனத்துல சீவுறாங்க. ஒரு மில்லிமீட்டரை 250 பங்கு போட்டா ஒரு பங்கு. அப்புறம் சாயம் ஏத்தி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். சந்தேகம்னா வேற சாயம் போட்டு மறுபடி பார்ப்பாங்க. லேட் ஆனாலே கெட்ட சேதின்னு அர்த்தம் இல்லை. இதை அங்கேயே ரெண்டு நிமிஷம் சொல்லியிருந்தா எனக்கு நாலு ராத்திரித் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

பழவேற்காடு ஏரியில மீனவங்க பாடு முறை வச்சிருக்காங்க. யார், எந்த இடத்துல, எந்த நாள் வலை போடணும்னு முறை. தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஆனா எந்த நாள்னு தெரியும். அதனால அந்தக் காத்திருப்பு ஆளைத் தின்னாது. ஆஸ்பத்திரிங்க கிட்ட நான் கேட்கிறதும் இதுதான். ஒரு தேதி சொல்லுங்க. அந்தத் தேதிக்கு வரலைன்னா "இன்னும் வரலை"ன்னு ஒரு போன் போடுங்க. இதுக்குப் புது மிஷின் எதுவும் வேண்டாம்.

ஊர் வாய் வேற. தோல்ல சதை எடுத்தாங்கன்னாலே "குஷ்டமா?"ன்னு குசுகுசுப்பு. அதுவாவே இருந்தாலும் என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாத்திரை இலவசம். 6 மாசமோ 12 மாசமோ சாப்பிட்டா குணமாகிற வியாதி. மறைக்கிறதாலதான் கையும் காலும் போகுது. நான் கேட்டவங்க எல்லார்கிட்டயும் உள்ளதைச் சொல்லிட்டேன். முதுகுக்குப் பின்னாடி பேச ஒண்ணும் மிச்சமில்லை.

மத்தபடி எனக்கு உதவுறது மூணு. பொழுது சாஞ்சா செல்போன்ல வியாதி பேரைத் தேடறதில்லை. மனசுல வர்ற கேள்வியை எல்லாம் வீட்டுக்காரம்மா ஒரு நோட்டுல எழுதுறா, டாக்டர்கிட்ட கேட்க. தையல் காலோட சேத்துல இறங்கக் கூடாதுங்கிறதால வரப்பிலேயே நின்னு நாத்தங்காலுக்குத் தண்ணி பாயுதான்னு பார்க்கிறேன். பயம் போகலை. ஆனா நாள் போகுது.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க சொந்தத்துல யாராவது இப்படிக் காத்திருந்தா "ஒண்ணும் இருக்காது, கவலைப்படாதே"ன்னு சொல்லாதீங்க. அது உங்களுக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. "ரிசல்ட் வாங்கப் போறப்ப நானும் வர்றேன்"னு சொல்லுங்க. சொன்னபடி போங்க.