தலைவர் மாறலாம், வேர் மாறலாகாது

கல்வித்துறை ஒன்றில் தலைமை மாறும்பொழுதெல்லாம் பாடத்திட்டத்தைப் புதுக்க வேண்டும் என்னும் குரல் எழுவது இயல்பு. வந்தவர் தம் வரவைக் காட்ட விரும்புவார். சென்றவர் கட்டியதை இடிப்பதே அதற்கு எளிய வழியாகத் தோன்றும். திரைப்பட இசையமைப்பைக் கற்பிக்கும் பல்கலைக்கழகத் துறைகளில் இவ்விழைவு இன்னும் மிகுதி. கரணியம், அத்துறையின் கருவிகள் விரைந்து மாறுவன. ஆனால், கருவி மாறுவதைக் கலையே மாறுவதாகக் கொள்வது பெரும்பிழை.

அமெரிக்காவின் இலாசு ஏஞ்சலிசு நகரிலுள்ள தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகம் இதற்குச் சான்று. அங்கே 1945-இல் திரையிசை கற்பிக்கத் தொடங்கியவர் மிக்லோசு உரோசா. அங்கேரியில் பிறந்து, இளமையில் சிற்றூர் உழவர் பாடல்களைக் கேட்டு எழுதிக்கொண்டவர். பின்னர்ச் செருமனியில் முறையாக இசை பயின்றவர். ஆலிவுட்டில் மும்முறை ஆசுக்கர் விருது பெற்ற பின்னும் அவ்வுழவர் பாடலின் சாயல் அவர் இசையை விட்டு அகலவில்லை. தன் மண்ணின் இசையை மறவாதவனே பிறமண்ணிலும் தனித்து நிற்பான்.

அவர் வகுப்பில் அமர்ந்து கற்றவருள் ஒருவர் செர்ரி கோல்ட்சுமித்து. 1974-இல் வெளிவந்த 'சைனாடவுன்' படத்திற்கு முன்னர் அமைத்திருந்த இசை தள்ளப்பட்டதும், புதிய இசை அமைக்க அவருக்குக் கிடைத்தவை பத்தே நாள்கள். நான்கு பியானோ, நான்கு யாழ், நரம்பிசைக் கருவிகள், தாளக்கருவிகள், அவற்றின்மேல் தனித்தொலிக்கும் ஓர் ஊதுகொம்பு, இவ்வளவே! எக்கருவி பேச வேண்டும், எக்கருவி வாய்மூட வேண்டும் என்று தேர்ந்த அறிவை எந்த எந்திரமும் அவருக்கு ஊட்டவில்லை.

உரோசாவுக்குப் பின்னும் தலைமைகள் மாறின. டேவிடு இராக்சின் 1956 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்கே கற்பித்தார். டிசுனி படங்களில் நெடுங்காலம் உழைத்த பட்டி பேக்கர், 2002-இல் மறையும்வரை திரையிசைப் பிரிவை நடத்தினார். திரைப்படம், தொலைக்காட்சி என்று மட்டும் பெயர்தாங்கிய அப்பிரிவு, இன்று 'திரை இசையமைப்பு' என விரிந்து கணினி விளையாட்டுகளையும் தழுவி நிற்கிறது. இப்புதுக்கம் வரவேற்கத் தக்கதே. மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசும் பொதுநெறி 1983-இல் வந்தது; இன்றோ ஒரு மாணவன் தனியறையில் அமர்ந்தே பெரும்பல்லியத்தின் ஒலியை எழுப்ப முடிகிறது. இதனைக் கல்லாதிருப்பது அறியாமை. இதனை மட்டுமே கற்பிப்பதோ கேடு.

அக்கேடு எத்தகையது? படத்தை வெட்டி ஒட்டும்பொழுது பிறருடைய இசையை இடைக்காலமாகப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். கேட்டுக் கேட்டு அதிலேயே மயங்கும் இயக்குநர், அதன் படியையே இசையமைப்பாளரிடம் வேண்டுவார். குப்ரிக்கு தம் '2001: விண்வெளிப் பயணம்' படத்தில் (1968) இடைக்காலமாகப் பொருத்திய பழைய இசையையே நிலைநிறுத்தி, அலெக்சு நார்த்து அமைத்த இசையை அறவே ஒதுக்கினார். படம் திரையிடப்பட்ட பொழுதே நார்த்து அதனை அறிந்தார்! ஒதுக்கப்பட்ட அவ்விசையை 1993-இல் பல்லியத்தைக் கொண்டு ஒலிப்பதித்து உலகறியச் செய்தவர் அதே கோல்ட்சுமித்து.

படியெடுக்க மட்டும் பழகிய மாணவனுக்கு இனிப் பிழைப்பும் இல்லை. படியெடுக்கும் வேலையை எந்திரமே மலிவாகச் செய்யும் காலம் வந்துவிட்டது. பெற்றோர் பெரும்பொருள் கொட்டி அனுப்பிய பிள்ளை, பட்டத்தோடு தெருவில் நிற்பான்.

எனவே, புதிதாய் வரும் தலைவர் எந்நாட்டவராயினும் மூன்றைக் காத்தல் வேண்டும்: உயிருள்ள கலைஞர்க்கு எழுதும் பயிற்சி, கதையின் உள்ளத்தை உணரும் பயிற்சி, தன் மண்ணின் இசையை அறியும் பயிற்சி. இம்மூன்றின்மேல் எத்தனைக் கருவிகளையும் அடுக்கலாம். வேரில் நீர் வார்த்துக் கிளையைக் கழிப்பதே புதுக்கம். வேரையே வெட்டுவது புதுக்கம் அன்று, அழிப்பே.