தேவர்களுக்கு ஒரு பங்கு

இலங்கை யாத்திரை சென்று திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். கண்டி நகரத்து ஏரியையும் தலதா மாளிகையையும் பற்றி உற்சாகமாக வர்ணித்துக்கொண்டு வந்தவர், நடுவே திடீரென்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"புத்தர் கடவுளை ஒப்புக்கொள்ளாதவர் என்றல்லவா நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அவருடைய தந்த தாதுவை வைத்துப் பூஜிக்கும் மாளிகையைச் சுற்றி நாதருக்கு ஒரு கோயில், விஷ்ணுவுக்கு ஒரு கோயில், பத்தினிக்கு ஒரு கோயில். ஊருக்குள்ளே கதிர்காமத்துக் கந்தனுக்கும் ஒரு கோயில்! மாளிகையில் மலரை வைத்து வணங்கிவிட்டு வெளியே வரும் அதே ஜனங்கள், பழத்தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே அந்தக் கோயில்களுக்குப் போகிறார்கள். இது என்ன வேடிக்கை?" என்றார்.

வேடிக்கைதான், ஆயினும் நகைத்துவிட்டுப் போவதற்குரிய வேடிக்கை அன்று. குழந்தை ஜுரத்தில் கிடக்கும் இரவில், 'நாம் வேண்டுவது யார் காதிலாவது விழுகிறதா?' என்று ஒரு கணமேனும் எண்ணாத தாய் உண்டா? அந்தக் கேள்விக்குப் பௌத்தம் என்ன விடை வைத்திருக்கிறது என்று அறிவது, பௌத்தரல்லாத நமக்கும் வீண் வேலை ஆகாது.

புத்தர் தேவர்கள் இல்லை என்று சொன்னவர் அல்லர். பாலி மொழியிலுள்ள பழைய சூத்திரங்களைத் திறந்தால் தேவர்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். ஞானம் பெற்றபின் அதை உலகத்துக்கு உபதேசிக்கத் தயங்கியவரை, உபதேசித்தே ஆகவேண்டும் என்று கைகூப்பி வேண்டிக்கொண்டவர் ஸஹம்பதி என்னும் பிரம்மா. தேவேந்திரன் தன் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள அவரைத் தேடி வருகிறான். நேயர்கள் கவனிக்க வேண்டும்: வேண்டுகிறவர் பிரம்மா, வேண்டப்படுகிறவர் மனிதர்! ஆகவே இந்த மதத்தில் தேவர்களுக்குக் குறைவில்லை. உலகத்தைப் படைத்து, வினையைத் தம் இஷ்டப்படி மாற்றி, வீடு அளிக்கும் கடவுள் ஒருவருக்குத்தான் இடம் வைக்கவில்லை.

நாளந்தாவில் பாவாரிகன் என்பவனுடைய மாந்தோப்பில் புத்தர் தங்கியிருந்தபோது, கேவத்தன் என்னும் கிருகஸ்தனுக்கு ஒரு கதை சொன்னாராம். ஒரு பிக்ஷுவுக்கு, நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்களும் மிச்சமின்றி எங்கே ஒடுங்குகின்றன என்ற சந்தேகம் எழுந்தது. தியான பலத்தால் தேவலோகம் ஏறி, திசைக்காவலர் நால்வரையும் கேட்டான். அவர்கள் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி மேலே அனுப்பினார்கள். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே அனுப்பினார்கள். (தாலுகா கச்சேரிக்கு ஒரு மனுவோடு போனவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.) கடைசியில் மகாபிரம்மா பிரசன்னமானார். 'யாம் படைப்பவர், யாம் ஆள்பவர், யாம் அனைத்துக்கும் தந்தை' என்று முழங்கினார். பிக்ஷுவோ, தான் கேட்டது அதுவல்லவே என்றான். மறுபடியும் முழக்கம், மறுபடியும் அதே கேள்வி. மூன்றாம் முறை பிரம்மா அவனுடைய கையைப் பற்றி ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்று, தமக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று இந்தத் தேவர்கள் நம்பிக்கொண்டிருப்பதால் அவர்கள் எதிரில் சொல்ல முடியவில்லை என்றும், உண்மையில் தமக்கும் விடை தெரியாது என்றும், புத்தரை விட்டுவிட்டு இங்கே வந்ததே பிசகு என்றும் சொன்னாராம்!

இந்தக் கதையில் பிரம்மாவின்மேல் துவேஷம் சிறிதும் இல்லை. பெரிய பதவியில் உள்ள ஒரு பெரியவரின் சங்கடத்தைக் கண்டு எழும் புன்னகை மட்டுமே இருக்கிறது. பௌத்தத்தில் தேவர் என்பது ஒரு பதவி. புண்ணியத்தால் கிடைப்பது, புண்ணியம் தீர்ந்தால் போவது. தமயந்தியின் சுயம்வரத்தில் நளனைப் போலவே வேஷம் பூண்டு நின்ற தேவர்களை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? மாலை வாடாது, மேனி வியர்க்காது என்பது அடையாளம். பௌத்த நூல்களில் தேவனுக்கும் ஒருநாள் மாலை வாடும், அக்குளில் வியர்க்கும், ஆடை மாசடையும். அவனுக்கு முடிவு வந்துவிட்டது என்று பொருள். அப்போது மற்றத் தேவர்கள் அவனை நோக்கி, நல்ல கதிக்குப் போவாயாக என்று வாழ்த்துகிறார்கள். அவர்கள் கருதும் நல்ல கதி எது தெரியுமா? மனிதப் பிறவி.

சரி, பிரார்த்தனை விஷயத்துக்கு வருவோம். அதே மாந்தோப்பிலே அஸிபந்தகன் மகனான ஒரு கிராமத் தலைவன் வந்து, பிராம்மணர்கள் மந்திரம் சொல்லி இறந்தவனைச் சுவர்க்கத்துக்கு ஏற்றுகிறார்களே, தங்களால் உலகம் முழுவதையும் ஏற்ற முடியுமா என்று கேட்டான். புத்தர் விடையாக ஓர் உபமானம் சொன்னார். ஆழமான மடுவில் ஒருவன் பெரும்பாறை ஒன்றை எறிகிறான். ஊரார் திரண்டு, கைகூப்பி மடுவைச் சுற்றி வந்து, பாறையே எழுந்து வா, மிதந்து வா என்று வேண்டினால் அது மிதக்குமா? இன்னொருவன் நெய்க்குடத்தை நீருக்குள் அமிழ்த்தி உடைக்கிறான். ஓட்டாஞ்சில் அடியில் போகும். நெய் மேலே வரும். நெய்யே ஆழ்ந்து போ என்று ஊரார் வேண்டினால் அது ஆழுமா? கொலையும் களவும் செய்தவன் பாறை. அறத்தில் நின்றவன் நெய்.

கண்டிப்பான உபமானம்தான். நம்மைப் போன்றவர்களுக்கு இதைப் படித்தவுடன் சிறிது குளிர்கிறது. குழந்தை ஜுரத்தில் கிடக்கும்போது, பாறையையும் நெய்யையும் பற்றிய தர்க்கம் தாயின் மனத்துக்கு எப்படி ஆறுதல் தரும்? பௌத்தமும் இதை உணராமல் இல்லை என்பதற்கு மகாஜனக ஜாதகமே சாட்சி. கடல் நடுவே கப்பல் உடைகிறது. பிரயாணிகள் அழுது தத்தம் தெய்வங்களைக் கூவுகிறார்கள். மகாஜனகன் என்னும் அரசகுமாரன் மட்டும் அழவும் இல்லை, கூவவும் இல்லை. நெய்யும் சர்க்கரையும் வயிறார உண்டு, உடையை எண்ணெயில் தோய்த்து உடுத்திக்கொண்டு, பாய்மரத்தில் ஏறி நிற்கிறான். பிறகு ஏழு நாள் நீந்துகிறான். அந்தக் கடலைக் காக்க நியமிக்கப்பட்ட தெய்வமோ, தேவலோக சுகத்தில் அந்த ஏழு நாளும் கடலைத் திரும்பிப் பார்க்கவே மறந்துவிட்டது! ஏழாம் நாள் வந்து, கரையே தெரியாத கடலில் நீந்தி என்ன பயன் என்று கேட்கிறது. கரை தெரியாவிட்டாலும் முயல்வது தன் கடன் என்கிறான் அவன். உடனே அவனை எடுத்துக்கொண்டு போய் மிதிலையில் ஒரு மாந்தோப்பில் சேர்க்கிறது. ஆகவே தெய்வம் உதவுகிறது. கூவினவனுக்கு அல்ல, நீந்தினவனுக்கு. அந்தத் தெய்வத்தின் பெயர் மணிமேகலை. கோவலனுடைய முன்னோன் ஒருவனையும் கடலில் காத்தது அத்தெய்வமே என்றும், அதனால்தான் மாதவியின் மகளுக்கு அப்பெயர் வைத்தார்கள் என்றும் சிலப்பதிகாரம் சொல்லுகிறது.

பிரசவ வேதனையில் துடித்த ஒரு பெண்ணைக் கண்டு இரங்கிய அங்குலிமாலனுக்கும் புத்தர் பிரார்த்தனை கற்பிக்கவில்லை. பிறந்தது முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை, இந்தச் சத்தியத்தால் நீ நலம் பெறுவாயாக என்று அவளிடம் சொல்லச் சொன்னார். கொள்ளைக்காரனாயிருந்து பல கொலைகள் செய்தவன் அதை எப்படிச் சொல்வான்? தயங்கினான். துறவுப் பிறவி எடுத்தது முதல் என்று மாற்றிக் கொடுத்தார், அவ்விதமே சொன்னான், பெண் பிழைத்தாள். இன்றும் இலங்கையில் கர்ப்பவதிகளுக்காக அந்தப் பிரித்தைப் பிக்ஷுக்கள் ஓதுகிறார்கள். யாரிடமும் எதையும் கேட்கும் வாசகம் அதில் இல்லை. உண்மையைச் சொல்லி அதன் வலிமையால் ஒன்றை நிகழ்த்துவது, அவ்வளவே. கண்ணகி மதுரையில் செய்ததும் வேறென்ன? அந்தக் கண்ணகியே சிங்களவர் வணங்கும் பத்தினி தெய்வம்; அம்மையும் கொள்ளை நோயும் வந்தால் அவர்கள் ஓடுவது அவளிடம்.

எல்லாப் பௌத்தரும் இப்படியே என்று சொல்வதற்கில்லை. ஜப்பானில் அமிதர் என்னும் புத்தருடைய நாமத்தைச் சொல்லி அவருடைய அருளையே முழுவதும் நம்பியிருப்போர் கோடிக்கணக்கானவர். அந்த வழியை வகுத்த ஷின்ரான் (1173–1263) சுயமுயற்சி என்ற பேச்சையே தள்ளிவிட்டார். அது வேறு பெருங்கதை.

கண்டிக்குத் திரும்புவோம். புத்தர் நிர்வாணம் அடைந்துவிட்டார். அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. மலரை வைப்பவன், இம்மலர் வாடுவதுபோல் என் உடம்பும் வாடும் என்று நினைக்கிறான். ஆனால் மழை, விளைச்சல், நோய், வழக்கு ஆகிய உலக விவகாரங்களுக்குத் தேவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வேண்டிக்கொள்ளலாம், பிக்ஷுவும் தடுப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலிருந்து எஸல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலம் முன்னே போக, நாதர், விஷ்ணு, கந்தன், பத்தினி ஆகியோருடைய ஊர்வலங்கள் பின்னே போகின்றன. யார் பெரியவர் என்ற வழக்கை யானைகளின் வரிசையே தீர்த்துவிடுகிறது!

நம்மை மிகவும் கவர்ந்தது இன்னொரு வழக்கம். விகாரையில் பூஜை முடிந்ததும், தான் ஈட்டிய புண்ணியத்தில் தேவர்களும் பங்கு கொள்ளட்டும் என்று பக்தன் அவர்களை அழைக்கிறான். தேவலோகத்தில் பசியில்லை, ஏழையில்லை, பிக்ஷாபாத்திரம் ஏந்துவோரும் இல்லை. ஆகையால் தானம் செய்து புண்ணியம் ஈட்டத் தேவர்களுக்கு வழியில்லை. இருப்பதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜுரக் குழந்தையின் தாயும், பத்தினியிடம் கையேந்துவதற்கு முன்போ பின்போ, பிக்ஷுவுக்கு அன்னமிட்ட புண்ணியத்தில் அவளுக்கும் ஒரு பங்கைக் கொடுக்கிறாள். வாங்குகிறவள் மட்டுமல்ல, கொடுக்கிறவளும் ஆகிறாள்.

இவ்வளவையும் கேட்ட நண்பர் வெகுநேரம் பேசவில்லை. அவர் மதுரையில் பிறந்து வளர்ந்தவர். "பத்தினி கோயிலுக்குள் போய் வந்தீரா?" என்று கேட்டோம். வாசல்வரை போனாராம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பிவிட்டாராம்.