எழுத்தின் வகைகளை எழுதியே கற்க வேண்டும்

நம் கலாசாலைகளில் பகுதி ஒன்றாகத் தமிழைப் படிக்கிற மாணவர், பௌதிகம் பயில்பவராயினும் வணிகவியல் பயில்பவராயினும், செய்யுள், சிறுகதை, நாவல், நாடகம், கட்டுரை, கடிதம் என்று பலவகை எழுத்துகளோடும் பரிச்சயம் செய்துகொண்டே பட்டம் பெறுகிறார். பரிச்சயம் என்பது சற்றுத் தாராளமான சொல். உள்ளபடி நடப்பது, கடித இலக்கியத்தின் தோற்றம், வளர்ச்சி, சிறப்பியல்பு என்று உபதலைப்புகள் இட்ட குறிப்பொன்றை மனப்பாடம் செய்து, மு.வரதராசனார் எழுதிய ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’ முதலிய நூல்களின் பெயர்களை வரிசை பிறழாமல் விடைத்தாளில் நிரப்பி, அவ்விஷயத்தை அத்துடன் மறந்துவிடுவதுதான். பின்னொரு நாள் பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலகம் செல்லும் அதே பட்டதாரி, வாசலில் மேஜை போட்டு அமர்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் பணம் கொடுத்துத் தம் குறையை எழுதி வாங்கிக்கொள்கிறார். மனு எழுதுபவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. யாருக்கு, எதை, எந்த வரிசையில், எவ்வளவு சொல்ல வேண்டுமென்று அறிந்த அவர், தம் வகையில் தேர்ந்த எழுத்தாளரே.

எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் உள்ள உறவே எழுத்தின் வகையை நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அதன் முகவுரையில் வித்துவான்களை நோக்கிப் பேசுகிறார்; அவரே 1940 முதல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோது, சிந்தாமணியின் பெயரைக்கூடக் கேட்டறியாத குடும்பங்களும் அதை விரும்பிப் படித்தன. இவ்விரண்டிலும் சில பக்கங்களை அருகருகே வைத்துப் படித்து, தமக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை முதலில் துறை அறிந்தவர்க்கும் பிறகு வீட்டாருக்கும் எழுதிப் பார்க்கிற மாணவர், நடை என்பது என்னவென்று எந்தக் குறிப்பும் சொல்லித் தராத அளவுக்கு உணர்வார்.

1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்த நாட்குறிப்பையும் இவ்வாறே பயன்படுத்தலாம். கப்பல் வந்த செய்தி, சரக்கின் விலை, குவர்னரோடு நடந்த சம்பாஷணை, ஊர் வதந்தி எல்லாவற்றையும் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) அவர் அக்காலப் பேச்சுத் தமிழில், பிறமொழிச் சொற்கள் தாராளமாகக் கலக்க எழுதிச் செல்கிறார். இலக்கண சுத்தம் ஒன்றையே தேடுகிற கண்ணுக்குப் பக்கத்துக்குப் பக்கம் பிழை தென்படும். அந்தப் பிழைகளைத் திருத்திவிட்டாலோ பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் குரல் நம் காதில் விழாமற் போய்விடும்.

நன்னூல் பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்று வகுத்துக் கொடுத்திருப்பது எழுதுவோர்க்கான சாஸ்திரமே அல்லவா? கூறியது கூறல் குற்றம் என்று மாணவர் ஒப்பிக்கிறார்; தாம் எழுதிய பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கோடிட்டுக் காட்டுவார் இல்லை. மேலும், நன்னூலாசிரியர் பவணந்தியார் சொன்னது நூலுக்கு. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் ‘வேளைக்குச் சாப்பிடு’ என்று மூன்று முறை வந்தால், அதைக் குற்றம் என்பவர் கடிதத்தை அறியாதவர். இந்த விவேகம் அப்பியாசத்தால் வருமேயன்றி வினா விடையால் வராது.

ஒரு வகுப்பில் அறுபது, எழுபது பேரை வைத்துக்கொண்டு இத்தனையையும் யார் திருத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, போதிய ஆசிரியர்களை நியமிக்காமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது நம் நிர்வாகங்களின் பழைய வழக்கம். ஆயினும் பருவத்துக்கு நான்கே எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், திருத்தி மறுபடி எழுதுவதற்கே மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால், பல பல்கலைக்கழகங்களில் இப்போது அகமதிப்பீட்டுக்கு உள்ள 25 மதிப்பெண்ணுக்குள்ளேயே இதை நடத்திவிடலாம். ஊர் ஏரியின் கரை உடைந்ததென்று வைத்துக்கொண்டு, அதைப் பத்திரிகைச் செய்தியாகவும், ஆட்சியருக்கு மனுவாகவும், வெளியூரிலுள்ள அண்ணனுக்குக் கடிதமாகவும், சிறுகதையாகவும் எழுதச் சொல்லலாம். ஆசிரியரும் அவற்றுள் ஒன்றையேனும் தாமே எழுதி வகுப்பில் வாசித்து, மாணவர் குறை சொல்லக் கேட்க வேண்டும்; அதற்குச் சம்மதியாதவர் இப்பாடத்தை ஏற்காதிருப்பதே நலம்.